கறுத்த சுவரும் பிள்ளையின் இழுப்பும்



மழை பிடித்துவிட்டால் நம் லயங்களில் முதலில் மாறுவது வாசனைதான். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும். பூட்டி வைத்த காம்பராவைத் திறந்தால் நனைந்த சாக்கு நாற்றம் மூக்கில் அடிக்கும். அலுமாரிக்குள் மடித்து வைத்த பள்ளிக்கூடச் சட்டையில் புள்ளிபுள்ளியாகக் கறை இருக்கும். கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தினால் அதன் பின்னால் சுவர் கறுத்துக் கிடக்கும். "மழைக்காலம்னா அப்படித்தான் ஐயா" என்று சொல்லி, பழந்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு மலைக்குப் போய்விடுகிறோம்.

அந்தக் கறுப்பு என்ன, அது ஏன் அந்த இடத்தில் வருகிறது, வீட்டில் தூங்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதை இம்முறை கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று நினைக்கிறேன். "விஷப் பூஞ்சணம்" என்ற ஒரு பேச்சு கைத்தொலைபேசியில் அடிக்கடி சுற்றி வருவதாலும், அதைப் பார்த்துச் சிலர் பயந்து போயிருப்பதாலும், இன்னும் சிலர் சிரித்துவிட்டு விடுவதாலும் இது தேவைப்படுகிறது.

மலையில் பிலிஸ்டர், வீட்டில் பூஞ்சணம்

கொழுந்து எடுக்கும் கைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். பிலிஸ்டர் என்று நாம் சொல்லும் கொப்புள நோய் 1946ஆம் ஆண்டில்தான் இலங்கைத் தேயிலையில் முதலில் தலைகாட்டியது. அது ஒரு பங்கசு. வெயில் காலத்தில் இருக்கிற இடம் தெரியாது. பனிமூட்டமும் தூறலுமாக நாலு நாள் தொடர்ந்து இருந்துவிட்டால் இளங்கொழுந்தில் கொப்புளம் போட்டுவிடும். அதனால்தான் மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளையைக் கழித்து மலைக்கு வெளிச்சமும் காற்றும் விடுகிறார்கள். மருந்தும் அடிக்கிறார்கள். இலை காய்ந்திருந்தால் அந்த நோய்க்கு வழியில்லை.

சுவரில் படரும் பூஞ்சணமும் பங்கசு இனத்தைச் சேர்ந்ததுதான். அதன் வித்தி, அதாவது விதை மாதிரியான மிகச் சின்னத் தூள், காற்றில் எங்கேயும் மிதக்கிறது. லயத்திலும் உண்டு, பங்களாவிலும் உண்டு, கொழும்பு மாடிவீட்டிலும் உண்டு. அதை ஒழிக்க யாராலும் முடியாது, ஒழிக்க வேண்டிய தேவையும் இல்லை. 1928இல் பெனிசிலின் மருந்தை அலெக்சாண்டர் பிளெமிங் கண்டுபிடித்ததும் இப்படி ஒரு பூஞ்சணத்திலிருந்துதான்.

அந்த வித்தி விழுந்த இடத்தில் முளைக்க இரண்டு பொருள் வேண்டும். ஒன்று சாப்பாடு, மற்றது தண்ணீர். சாப்பாட்டுக்கு அதற்குப் பஞ்சமே இல்லை. பலகை, கடதாசி, காட்போட் பெட்டி, துணி, தோல் செருப்பு, தும்பு மெத்தை, சுவரில் படிந்த தூசி, சில பெயின்ட் வகை எல்லாம் அதற்குச் சாப்பாடு. சீமெந்துச் சுவரைத் தின்னாது. ஆனால் சீமெந்தின் மேல் படிந்த தூசியைத் தின்னும். ஆகவே சாப்பாட்டை நிறுத்திப் பூஞ்சணத்தைத் தடுக்கலாம் என்று நினைப்பது வீண். தண்ணீர் ஒன்றைத்தான் நம்மால் தடுக்க முடியும். நனைந்த பொருள் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் நன்றாகக் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிப்பதில்லை. தொழிற்சாலையில் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். டிரையரில் தேயிலையை ஈரம் 3 வீதமளவுக்கு வரும்வரை காயவைப்பது எதற்கு? ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் கப்பல் ஏறுவதற்கு முன்னமே தூள் பூத்துப் போய்விடும்.

விஷம் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான், ஆனால் சொல்லப்படுகிற அளவுக்கு இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சில பூஞ்சணங்கள் விஷப் பொருள் உண்டாக்குகின்றன என்பதில் சந்தேகமே கிடையாது. 1930களில் சோவியத் உக்ரேனில் ஆயிரக்கணக்கான குதிரைகள் வாய் புண்ணாகி, இரத்தம் கசிந்து செத்தன. கறுப்புப் பூஞ்சணம் பிடித்த வைக்கோலைத் தின்றதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த வைக்கோலைத் தூக்கிப் போட்ட ஆட்களுக்கும் தோலில் புண்ணும் மூக்கில் இரத்தமும் வந்தன. அந்தப் பூஞ்சணத்தின் பெயர் ஸ்டாக்கிபொட்ரிஸ். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தபோது, அவற்றுக்குத் தீனியாகக் கொடுத்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வேறொரு பூஞ்சணம் விட்டுப்போன விஷம் இருந்தது. அஃப்லடொக்சின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது, சமைத்தாலும் முழுதாகப் போகாது. பூஞ்சணம் பிடித்த கடலை, செத்தல் மிளகாய், கொப்பரை, அரிசி எதையும் "கழுவிக் காயவச்சா சரியாயிடும்" என்று சமையலுக்கு எடுக்காதீர்கள். கோழிக்கும் போடாதீர்கள். சாப்பாட்டுப் பொருளில் வரும் விஷத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே இதோடு நிறுத்துகிறேன்.

வீட்டுச் சுவருக்கு வருவோம். குதிரையைக் கொன்ற அதே ஸ்டாக்கிபொட்ரிஸ் வீடுகளிலும் வளரும். கரும்பச்சை அல்லது கறுப்பு நிறத்தில், ஈரமாக இருக்கையில் வழவழப்பாக இருக்கும். சும்மா வேர்த்த சுவர் அதற்குப் போதாது. நாள்கணக்காக ஊறிக் கிடக்கும் கடதாசியும் காட்போட்டும் பலகையும்தான் அதற்குப் பிடித்த இடம். நம்மில் பலர் சுவரை மறைக்கப் பத்திரிகைத் தாளை ஒட்டுகிறோம், தகரத்துக்குக் கீழே காட்போட்டை அடித்துச் சீலிங் ஆக்குகிறோம். ஒழுகும் கூரைக்குக் கீழே அது இருந்தால் நாமே அதற்குப் பாய் விரித்துக் கொடுத்தது போலத்தான்.

1993, 1994ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரத்தில் சில கைக்குழந்தைகளுக்கு நெஞ்சுக்குள் இரத்தம் கசிந்தது. அவர்களின் வீடுகள் தண்ணீரில் ஊறிப் பழுதானவை. அங்கே இந்தக் கறுப்புப் பூஞ்சணமும் இருந்தது. விஷப் பூஞ்சணம் என்ற பயம் உலகமெல்லாம் பரவியது அதற்குப் பிறகுதான். ஆனால் அந்நாட்டு அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு நிலையம் 2000ஆம் ஆண்டில் அந்த ஆய்வை மறுபடி பரிசீலித்து, பூஞ்சணம்தான் அதற்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அறிவித்தது. சுவரிலிருந்து காற்றில் வரும் விஷத்தின் அளவு, தீனியோடு வயிற்றுக்குள் போகும் அளவைவிட மிகக் குறைவு. ஞாபக மறதி, கை கால் செயலிழப்பு, புற்றுநோய் எல்லாம் வீட்டுப் பூஞ்சணத்தால் வரும் என்று கைத்தொலைபேசியில் வருகிற கதைகளுக்கு இன்றுவரை உறுதியான ஆதாரம் இல்லை.

அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லையா? இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளைப் பற்றி ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. அப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், நெஞ்சில் விசில் சத்தம், மூச்சுத் திணறல், அடிக்கடி வரும் சளிக் காய்ச்சல் எல்லாம் கூடுதலாக வருகின்றன. ஆஸ்துமா என்னும் இழுப்பு உள்ளவர்களுக்கு அது மோசமாகிறது, இல்லாதவர்களுக்குப் புதிதாகவும் வருகிறது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு பூஞ்சணம் இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவை அவர்கள் குறிப்பிடவே இல்லை. காரணம் விஷம் ஒன்று மட்டும் இல்லை. வித்தியும் பூஞ்சணத்தின் துணுக்கும் மூச்சோடு உள்ளே போகும்போது உடம்பு அதை எதிரியாக நினைத்து மூச்சுக்குழாயை வீங்க வைக்கிறது. ஈர வீட்டில் தூசிப் பூச்சிகளும் பக்டீரியாக்களும் பெருகும், அவையும் சேர்ந்துகொள்ளும்.

என் அபிப்பிராயம் இதுதான். சுவரில் இருப்பது விஷ ஜாதியா, சாதாரண ஜாதியா என்று கண்டுபிடிக்க ஓடுவது காலவிரயம். நிறத்தைப் பார்த்து அதைச் சொல்லவும் முடியாது. கறுப்பாக இருப்பதெல்லாம் ஸ்டாக்கிபொட்ரிஸ் இல்லை. எந்த நிறமானாலும் கண்ணால் பார்த்தீர்களா, மூக்கில் நாறுகிறதா, அதுவே போதும். அங்கே தண்ணீர் வருகிறது, அதை நிறுத்த வேண்டும்.

இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று

இங்கிலாந்தின் வடக்கே ரொச்டேல் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே வீடமைப்பு நிறுவனமொன்றின் வாடகை வீட்டில், சூடான் நாட்டிலிருந்து வந்த தகப்பனும் தாயும் குடியிருந்தார்கள். ஒரேயொரு படுக்கையறை கொண்ட சின்ன வீடு. குசினியிலும் குளியலறையிலும் சுவர் கறுத்துப் போயிருந்தது. தகப்பன் 2017ஆம் ஆண்டிலேயே அதைப் பற்றி முறைப்பாடு செய்தார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் அடித்தார். கறுப்பு மறுபடி வந்தது. அவர்கள் குளிக்கும் முறையும் சமைக்கும் முறையும்தான் ஈரத்துக்குக் காரணம் என்று வீட்டுக்காரர் பக்கத்தில் எண்ணிக்கொண்டார்கள். 2020ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி, அவர்களின் மகன் அவாப் இஷாக், இரண்டு வயது நிறைந்து எட்டாம் நாள் இறந்துபோனான். வீட்டுப் பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த கடுமையான சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் தீர்ப்பளித்தார். வாழ்க்கை முறையைக் குறை சொன்னது தவறு என்று அந்த நிறுவனமும் ஒத்துக்கொண்டது.

அந்தப் பிள்ளையின் பெயரிலேயே அங்கே இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான ஈரம், பூஞ்சணம் பற்றி முறைப்பாடு கிடைத்தால் சமூக வீடுகளின் உரிமையாளர் 10 வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். ஆபத்து என்று தெரிந்தால் அடுத்த 5 வேலை நாட்களுக்குள் அதை நீக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணித்தியாலம்.

அது அந்த நாட்டுச் சட்டம், நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இதை இவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம் உண்டு. "இந்தச் சனங்களுக்குத் துப்புரவு தெரியாது, அதான் சுவர் கறுக்குது" என்ற வார்த்தையை நாமும் கேட்டிருக்கிறோம். சில வேளை நமக்குள்ளேயே ஒருவரை ஒருவர் அப்படிச் சொல்கிறோம், முக்கியமாக மாமியார் மருமகளைச் சொல்வதுண்டு. நாளுக்கு மூன்று தரம் கூட்டித் துடைக்கும் வீட்டிலும் தண்ணீர் உள்ளே வந்தால் சுவர் கறுக்கத்தான் செய்யும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கறுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

சுவரின் மேல்பகுதியிலும் கைமரத்தை ஒட்டியும் இருந்தால் கூரைதான் காரணம். தகரத்தில் துரு விழுந்த ஓட்டை பளிச்சென்று தெரியும். தெரியாமல் ஒழுகுவது ஆணித் துளை. ஆணிக்குக் கீழே இருக்கும் வாசர் காய்ந்து வெடித்துப்போனால், ஒவ்வொரு மழைக்கும் ஒரு கரண்டி தண்ணீர் சுவருக்குள் இறங்கும். பத்து ஆணிக்குப் பத்துக் கரண்டி. காற்றுக்குப் பறக்காமல் தகரத்தின் மேல் கல் வைப்பதும் நம் வழக்கம். கல்லைச் சுற்றிச் சருகும் ஈரமும் தங்கி அந்த இடமே சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

சுவரின் அடியிலிருந்து முழங்கால், இடுப்பு உயரம் வரை ஒரே மட்டமாக ஈரம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது நிலத்தடி ஈரம். பழைய லயங்கள் பலவற்றில் கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள்தான்; அடியில் ஈரத்தைத் தடுக்கும் படை எதுவும் போடவில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். லயத்தின் பின்பக்கம் மண்மேட்டை ஒட்டி இருந்தால் சொல்லவே வேண்டாம். மேட்டிலிருந்து வழிந்த மண், பின் கானை மூடி, சுவரில் ஒரு முழ உயரத்துக்குச் சாய்ந்து நிற்கும். அந்தச் சுவர் எந்த வெயிலுக்கும் காயாது. கானைத் தோண்டி, சுவரைத் தொடும் மண்ணை வீட்டுத் தரையைவிடக் கீழே இறக்கி, தண்ணீர் ஓடிப்போகும்படி சரிவு கொடுத்துவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும். ஒரு எச்சரிக்கை: கானைத்தான் துப்புரவாக்க வேண்டும், மண்மேட்டின் அடியை வெட்டக் கூடாது. வெட்டினால் மேடு லயத்தின் மேல் இறங்கும். வெடிப்போ சரிவோ தெரிகிற இடமென்றால் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் கிராம சேவகருக்குச் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்கும்படி கேளுங்கள்.

மூன்றாவது வகை, "சுவரு வேர்க்குது" என்று பெரியவர்கள் சொல்வது. அலுமாரிக்குப் பின்னால், கட்டில் மூலையில், தகரத்தின் அடிப்பக்கத்தில் வரும். ஆறு பேர் தூங்கும் காம்பராவில் விடிய விடிய விடும் மூச்சே கணிசமான தண்ணீர். அதோடு உலை கொதிக்கும் ஆவி, மலையிலிருந்து நனைந்து வந்து உள்ளேயே கொடியில் தொங்கும் படங்கும் கம்பளியும், அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கிய பச்சை விறகு. இந்த ஈரமெல்லாம் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிவிடுகிறது. தகர மூடியில் ஆவி பிடித்துச் சொட்டுவது போலத்தான்.

நிலத்தடி ஈரமா, வேர்வையா என்று சந்தேகம் வந்தால் ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு கைக்குட்டையளவு பொலித்தீன் துண்டை, ஈரமான சுவரை மேலாகத் துடைத்துவிட்டு நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பொலித்தீனுக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீர் பூத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பொலித்தீனின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் வீட்டுக் காற்றின் ஈரம். முதலாவதற்குக் கானும் கூரையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்குக் காற்று வேண்டும்: கட்டிலையும் அலுமாரியையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், சமைக்கும்போது ஜன்னலைத் திறவுங்கள், நனைந்த உடுப்பை இஸ்தோப்பில் கட்டிய கொடியில் போடுங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னல் ஓட்டைக்குச் சாக்கை அடைப்பது எனக்குத் தெரியாததல்ல. நுவரெலியாக் குளிரில் யாரைக் குறை சொல்வது? பகலில் வெயில் எட்டிப் பார்க்கும் இரண்டு மணித்தியாலமாவது திறந்து வைத்தால் போதும். அறையைக் காயவைக்கிறேன் என்று இரவில் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்காதீர்கள். அந்தப் புகையில் நிறமும் மணமும் இல்லாத விஷ வாயு இருக்கிறது. தூங்கினவர்கள் எழும்பாமலே போய்விடுவார்கள்.

நான் போய்வரும் ஒரு டிவிஷனில் ஒரு குடும்பம் மூன்று வருஷமாகத் தீபாவளிக்குப் பெயின்ட் அடித்தது. மூன்று தரமும் தைப்பொங்கலுக்குள் அதே மூலை கறுத்தது. கடைசியில் பார்த்தால் பக்கத்துக் காம்பராவின் கூரைப் பீலி இடிந்து, அதன் தண்ணீர் முழுவதும் இவர்களின் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் யாரும் அதைச் சொல்லவில்லை. பீலியைத் திருப்பிக் கட்ட ஒரு முழம் கம்பியும் அரை நாளும்தான் ஆனது.

துடைக்கும் முறை

தண்ணீரை நிறுத்திய பிறகுதான் துடைப்பு. முன்னால் துடைத்தால் அடுத்த மாதம் மறுபடி துடைக்க வேண்டியதுதான்.

காய்ந்த பூஞ்சணத்தைத் தும்புக்கட்டையால் வரண்டாதீர்கள், அடித்துத் தட்டாதீர்கள். ஸ்டாக்கிபொட்ரிஸ் ஈரமாக இருக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்ததும் தூளாகிப் பறக்கும். பிள்ளைகள், கர்ப்பிணிகள், இழுப்புக்காரர், முன்பு காசநோய் வந்து நெஞ்சு பழுதானவர்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுங்கள். காசநோய் ஆறிய பிறகு நெஞ்சில் மிஞ்சும் பொந்துக்குள் ஒருவகைப் பூஞ்சணம் பந்து போலத் திரண்டு வளர்வதுண்டு, ஆகவே அவர்களுக்கு இது விளையாட்டில்லை. துடைப்பவர் மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் நன்றாக மூடி, கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். கதவு, ஜன்னலைத் திறந்து, சவர்க்காரத் தண்ணீரால் சுவரை நனைத்து, ஊறவிட்டு, பிறகு தேய்த்துத் துடைத்து எடுங்கள். துடைத்த துணியை எறிந்துவிடுங்கள்.

குளோரின் போட்டால்தான் சாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். சீமெந்துத் தரை, ஓடு மாதிரி வழுவழுப்பான இடத்துக்கு அது உதவும். பலகைக்கும் பொரிந்த சுவருக்கும் மேலே வெள்ளையாக்கிவிட்டு உள்ளே விட்டுவிடும். பாவித்தாலும் அதைக் கக்கூஸ் கழுவும் அசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். கலந்தால் கிளம்பும் வாயு நெஞ்சைப் பொசுக்கிவிடும். கூரை அஸ்பெஸ்டோஸ் தகடாக இருந்தால் அதன் கறுப்பைத் தேய்க்கவே வேண்டாம். அந்தத் தகட்டின் நார் பூஞ்சணத்தைவிடப் பொல்லாதது.

ஊறிப்போன காட்போட், சுவரில் ஒட்டிய தாள், பூஞ்சணம் உள்ளே இறங்கிய தும்பு மெத்தை, பஞ்சுத் தலையணை ஆகியவற்றைக் காப்பாற்ற முடியாது. மெத்தையை எறியச் சொல்வது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஒரு மெத்தைக்கு எத்தனை நாள் பேர் போட வேண்டும் என்று தெரியும். ஆனால் பிள்ளை இரவு முழுக்க மூக்கை வைத்துப் படுப்பது அதில்தான். எல்லாவற்றையும் மாற்ற வசதியில்லை என்றால் பிள்ளையின் தலையணையையும் படுக்கையையும் முதலில் மாற்றுங்கள், பிள்ளை படுக்கும் இடத்தைக் காய்ந்த சுவர்ப் பக்கம் மாற்றுங்கள்.

சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பழைய முறைப்படி சுண்ணாம்பு அடிப்பது நல்லது. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் லேசில் முளைக்காது. சுவரின் ஈரம் வெளியேறவும் அது வழி விடும். பளபளக்கும் எனாமல் பெயின்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து, கொப்புளமாக எழும்பி உரிந்து விழும். விலையும் அதிகம். நீற்றும்போது சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்த வேலைக்கு எழுதிக் கொடுங்கள்

கானும் ஆணியும் பீலியும் நாமே பார்க்கலாம். கூரை முழுதாக உக்கிப் போயிருந்தால், சுவர் அடித்தளத்திலிருந்தே ஊறியிருந்தால் அது ஒரு குடும்பத்தின் சக்திக்கு அப்பாற்பட்ட வேலை. அதைத் தோட்ட ஆபீசுக்குத் தெரியப்படுத்த வேண்டும். வாயால் சொன்னது மழையோடு போய்விடும். ஒரு தாளில் லயத்தின் இலக்கம், காம்பரா இலக்கம், எந்தப் பக்கம் ஒழுகுகிறது, எப்போதிருந்து, வீட்டில் கைக்குழந்தையோ இழுப்புக்காரரோ இருக்கிறார்களா என்பதைத் திகதி போட்டு எழுதுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி உங்களிடம் வைத்திருங்கள். ஒரே லயத்தில் நாலு காம்பராவுக்கு அதே பிரச்சினை என்றால் நாலு பேரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுப்பது பலம், கூரை ஒன்றுதானே. எழுதத் தெரியாதவர்கள் நலன்புரி உத்தியோகத்தரிடம் வரலாம், எழுதித் தருவது எங்கள் வேலைதான். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம்.

பிள்ளைக்கு இருமல் வந்தால்

டிஸ்பென்சரிக்குப் போகும்போது மருந்து மட்டும் கேட்டு வராதீர்கள். "வீட்டுச் சுவர் ஈரம், பிள்ளை அந்தப் பக்கம்தான் படுக்குது" என்பதையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மட்டும் வரும் இருமல், இரவிலும் விடியற்காலையிலும் கூடும் இருமல், வெளியூர் உறவினர் வீட்டில் நாலு நாள் இருந்தால் குறைந்து திரும்பி வந்ததும் தொடங்கும் இருமல் என்றால், அது வைத்தியருக்கு ஒரு பெரிய துப்பு. அடுப்புப் புகையும் சிகரெட், பீடிப் புகையும் சேர்ந்தால் அதே நெஞ்சுக்கு இரட்டைச் சுமை என்பதையும் வீட்டு ஆண்கள் நினைவில் வைக்க வேண்டும்.

வைத்தியர் பம்ப் எழுதிக் கொடுத்தால் பாவியுங்கள். "பம்ப் பிடிச்சா அதுவே பழக்கமாயிடும்" என்று சொல்லி அதை அலுமாரியில் பூட்டிவைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அது பழக்கமாகும் மருந்து இல்லை. மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைக்கும் மருந்தைத் தினமும் எடுக்கச் சொன்னால், இழுப்பு இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும்.

பிள்ளை வேகவேகமாக மூச்சு விட்டு, விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுபட்டால், பால் குடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கிடையாது. லயத்துக்கு வண்டி ஏற முடியாத பாதை என்றால், பெரிய ரோட்டில் எந்த இடத்தில் நிற்பீர்கள் என்று அழைக்கும்போதே சொல்லி, டோர்ச்சோடு ஒருவரை முன்னால் அனுப்பி வையுங்கள்.